அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்தவளின் நடை

"முதுக வள" என்றாள் ரஹீமா. "இன்னம் கொஞ்சம். நீ என்ன, கொடிக்கம்பமா?"

அக்கா முதுகை வளைத்தாள்.

ரஹீமா வீட்டின் பின்னறை அது. ஒரு கட்டில், ஒரு அலுமாரி, மூலையில் மூடி போட்ட தையல் மெஷின். கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவே நாலைந்து எட்டு வைக்கலாம். பட்டப்பகலில் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தோம். ஜன்னல் இடுக்கால் வெயிலும் வண்டி ரயர் எரிகிற நாற்றமும் சேர்ந்து வந்தன.

அக்காவின் மேல் ரஹீமாவின் உம்மாவுடைய வொயில் சேலை. முக்காடு புருவம் வரை இறங்கியிருந்தது. அதன் ஓரத்தைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தாள். சேலை முழுக்கப் பூச்சியுருண்டை மணம்.

"இப்ப நட பாப்பம்."

நடந்தாள்.

ரஹீமா தலையில் கை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். "அல்லாவே! உம்மாட சேலக்குள்ள மகாராணி போற மாதிரி ஈக்கிது. சந்தியில நிக்கிய குருடனுக்கும் வெளங்கிடும்."

நான் கதவோரம் நின்று அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்கு அபிப்பிராயம் சொல்லும் இந்தத் தொழிலை அன்றைக்கே பழகத் தொடங்கியிருந்தேன் போலிருக்கிறது.

என் அக்கா கௌரி சர்வதேச அழகிப்போட்டி ஒன்றில் முடிசூடி வந்து அப்போது அரை வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஒழுங்கை ஒரு ஒடுங்கிய மேட்டுச் சந்து; அதன் அடிவாரத்துச் சந்தியில் தடிகளோடு ஆட்கள் நின்றார்கள். சந்தியைத் தாண்டி, பெரிய வீதியில், ரஹீமாவின் அண்ணன் நிஸார் நானா தன் வான் வண்டியோடு காத்திருந்தார். ஒழுங்கைக்குள் வான் வராது. நடந்துதான் போக வேண்டும்.

முகத்தை மூடலாம். நடையை எதனால் மூடுவது? அக்காவின் நடையை அந்தச் சந்தியில் அறியாத ஆள் கிடையாது என்று நாங்கள் நம்பினோம்.

என் புத்தகங்கள் ஏறிய உயரம்

போன வாரம் அப்பாவின் சைக்கிளைப் பற்றி எழுதியபோது போகிற போக்கில் 'அழகுராணியான என் அக்கா' என்று ஒரு வரி போட்டுவிட்டேன். மாத்தளையிலிருந்து ஒரு வாசகர், இந்தத் தொடரின் மேலே போடும் என் படத்தைச் சுட்டி, இது நம்பும்படியாக இல்லையே என்று எழுதியிருக்கிறார். நியாயம்தான். எங்கள் வீட்டில் அழகு என்று இருந்ததெல்லாம் முதல் பிள்ளையோடு தீர்ந்துவிட்டது. எனக்கு மிஞ்சியவை காதுகள்.

அப்பா யாழ்ப்பாணத்தில் பிறந்து, கண்டி அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்து, கட்டுக்கலையில் ஒரு மேட்டு ஒழுங்கையில் வீடு கட்டினார். அம்மா பள்ளிக்கூட ரீச்சர். அக்காவை டொக்டராக்குவது என்பது அக்கா பிறக்கும் முன்பே தீர்மானமான விஷயம். பிறந்தது மட்டும்தான் அவளுடைய சொந்த முயற்சி.

அவளோ தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போய், நாட்டின் சார்பில் அனுப்பும் பெண்ணைத் தெரிவு செய்யும் போட்டியில் நின்று, வென்றும் விட்டாள். அப்பா அதைக் கச்சேரியில் பத்திரிகை பார்த்துத்தான் அறிந்தார். வீடே நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் வந்தார், சப்பாத்தைக் கழற்றினார், பத்திரிகையை அம்மாவிடம் நீட்டினார்.

"உந்தப் படத்தில பிள்ளை நல்லா மெலிஞ்சுபோனாள். ஒழுங்காச் சாப்பாடு குடும்."

அதுதான் சம்மதம்.

பிறகு நடைப் பயிற்சி. கொழும்பிலிருந்து டொரத்தி என்றொரு பறங்கிச் சீமாட்டி சனிக்கிழமைகளில் ரயிலேறி வருவார். எங்கள் வீட்டு விறாந்தை நீளமானது. வாசலில் தொடங்கிக் குசினி வரை போகும். அதில் அக்கா தலைமேல் புத்தகம் வைத்து நடந்தாள். புத்தகங்கள் என்னுடையவை. நான் அப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததைவிட வாங்கி அடுக்கியது அதிகம். கனமான தத்துவ நூல்கள் அவளுக்கு ஒத்துவந்தன. கவிதைகள் சறுக்கி விழுந்தன. என் புத்தகங்கள் ஒரு தலையில் ஏறியது அந்தக் காலத்தில் மட்டும்தான்.

குசினிப் படியில் ரஹீமா உட்கார்ந்திருப்பாள். மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. முதலாம் வகுப்பிலிருந்து அக்காவும் அவளும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ரஹீமா குட்டை, கொஞ்சம் பருமன், இடது பக்கம் சாய்ந்து வேகமாக நடப்பாள். வாய் அதைவிட வேகம்.

"வாறா, வாறா, வழி விடுங்க. மகாராணிக்கு வெங்காயம் உரிக்க நேரமாகிச்சு."

"சும்மா இரடி. புத்தகம் விழப்போகுது."

"விழட்டும். பொறுக்கிற நேரமாவது தம்பிக்குப் படிச்ச புண்ணியம் கெடைக்கட்டும்."

பின்னேரங்களில் இருவரும் ஹந்தானை மலைப் பக்கம் ஏறுவார்கள். மேட்டில் நடந்தால் தோள் நிமிரும் என்பது டொரத்தியின் கட்டளை. ஒருநாள் நானும் போனேன். தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, தலைப்பட்டையில் வெறுங்கூடை தொங்க, நின்று அக்காவைப் பார்த்தாள்.

"என்னங்க பாப்பா, தலையில ஒண்ணுமே இல்லாமக் கழுத்த இப்புடி வெச்சிருக்கீங்க? வலிக்கலீங்களா?"

"பழகிப் போச்சு" என்றாள் அக்கா.

"எங்களுக்குந்தான் பழகிப் போச்சு. எங்கள ஒருத்தரும் வெளிநாட்டுக்குக் கூப்புடலியே" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அந்த நடையை எழுத்தில் காட்ட எனக்கு வராது. அவள் வேகமாகவும் போகவில்லை, மெதுவாகவும் போகவில்லை. ஒழுங்கைப் படிகளில் அவள் இறங்கும்போது படிகள்தான் அவளுக்கு ஏற்றபடி கீழே போவது போல இருக்கும். இதற்கு மேல் சொன்னால் அக்காவுக்குத் தம்பி எழுதும் காவியமாகிவிடும்.

சலூன் கண்ணாடிக்கு மேலே

ஏதோ ஒரு தீவில், கடற்கரை ஹோட்டல் ஒன்றில், அவள் முடிசூடினாள். உலகத்தில் இப்படிப் பல போட்டிகள் உண்டு, இது அவற்றில் நடுத்தரமானது என்று விவரம் தெரிந்த ஒருவர் பிற்பாடு எனக்கு விளக்கினார். கண்டியில் அந்தத் தராதரமெல்லாம் யார் பார்த்தது? பத்திரிகைகள் 'உலக அழகி' என்றே போட்டன. அம்மா நீச்சலுடைப் படம் இருந்த பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள். மறுநாள் தானே கடைக்குப் போய் அதே பத்திரிகையில் இன்னொன்று வாங்கி வந்து, அலுமாரியில் கூறைச்சேலைக்கு அடியில் வைத்தாள்.

வரவேற்பு பெரிது. திறந்த ஜீப்பில் வாவியைச் சுற்றி ஊர்வலம். முன்னால் பெரஹரத் திருவிழா மேளக்காரர்கள், இருபக்கமும் கொடியோடு பள்ளிப் பிள்ளைகள். ஒரு அரசியல்வாதி அவளை 'நம் தாய்நாட்டின் மலர்' என்று சிங்களத்தில் நீளமாகப் பேசினார். அப்பா தமிழ் மேடைப் பேச்சையே தாங்காதவர். அன்று கடைசிவரை இருந்து கைதட்டினார்.

எங்கள் ஒழுங்கைச் சந்தியில் தென்னோலைத் தோரணம். கட்டியவர் பியதாச. சந்தியில் சலூன் வைத்திருந்தவர். எங்கள் வீட்டு ஆண்களின் தலைகள் எல்லாம் அவர் பொறுப்பு. பத்திரிகையில் வந்த அக்காவின் படத்தை வெட்டி, கண்ணாடி போட்டு, தன் சலூன் கண்ணாடிக்கு மேலே மாட்டினார். முடி வெட்டிக்கொள்ளும் ஆளெல்லாம் நிமிர்ந்தால் அக்காவின் முகம், குனிந்தால் தன் முகம். மனிதனுக்கு அடக்கம் வர இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

அவள் பஸ் எடுக்க இறங்கி வந்தால் பியதாச கத்திரிக்கோலை நிறுத்திவிட்டு வாசலுக்கு வருவார். "நங்கி, நேரா நடங்க. நாங்க பாக்கணும்" என்பார் தன் தமிழில். நங்கி என்றால் தங்கை. ஒழுங்கைப் பிள்ளைகள் தலையில் பள்ளிக்கூடக் கொப்பியை வைத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்து காட்டுவார்கள். அவள் திரும்பி முறைப்பதுபோல் முறைத்துவிட்டு அவர்களுக்காக இன்னொரு தரம் நடப்பாள்.

அந்த அரை வருடம் அவள் சந்தோஷமாக இருந்தாள். எழுதும்போது ஒரு வரிதான் வருகிறது.

மதிலுக்கு அந்தப் பக்கம்

பிறகு அந்த ஜூலை.

அப்பாவும் அம்மாவும் நல்லூர்க் கொடியேற்றத்துக்கென்று முன்னதாகவே ஊருக்குப் போயிருந்தார்கள். வீட்டில் அக்காவும் நானும். கொழும்பில் தமிழருக்கு எதிராகக் கலவரம் என்று வானொலி சொல்லாமல் சொன்னது. கண்டிக்கு வராது என்று நான் ஆதாரங்களோடு விளக்கிக்கொண்டிருந்தபோது பேராதனை வீதிப் பக்கம் புகை எழுந்தது.

மதிலுக்கு மேலால் ரஹீமாவின் தலை தெரிந்தது.

"கௌரி! கெதியா வா! ஒண்டும் எடுக்க வாணாம், வா!"

சர்வதேச அழகி மதிலேறிக் குதித்தாள். நான் ஏறி, மறுபக்கம் ரஹீமாவின் உம்மா காயப்போட்டிருந்த மிளகாய்மேல் விழுந்தேன். சற்று நேரத்தில் எங்கள் முன்கதவு உடையும் சத்தம் கேட்டது. அதற்குப் பின் பீங்கான். பின்னறையில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். கடைசியில் எதுவோ சரிந்து விழுந்து, பின் நெருப்பின் சத்தம். என் புத்தகங்கள் எரிந்து முடிய நெடுநேரம் எடுத்ததாக உம்மா சொன்னார். தத்துவம் அப்படித்தான்.

அக்கா அழவில்லை. "கிரீடம் மேசையில கிடந்தது" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்து எங்கே தேடுவார்கள் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். எங்களை வைத்திருந்தால் ரஹீமா வீட்டையும் விடமாட்டார்கள். நிஸார் நானாவின் வானில் அகதிகள் கூடியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவது என்று முடிவாயிற்று. அதற்குத்தான் சேலை, முக்காடு, இந்த நடைப் பயிற்சி.

"இஞ்ச பாரு கௌரி" என்றாள் ரஹீமா. குரலில் இப்போது பகிடி இல்லை. "நீ நடக்கிய நேரம் மனசில என்ன நெனக்கிறாய்?"

அக்கா யோசித்தாள். "எல்லாரும் என்னைப் பாக்கினம் எண்டுதான். மிஸ் டொரத்தி அப்பிடித்தான் நினைக்கச் சொன்னவ."

"அதுதான் பிழ. எங்கள எல்லாம் ஆரு பாக்கிற? நானும் பொறந்ததில ஈந்து இந்த ஒழுங்கையிலதான் நடக்கிறன். ஒத்தன் திரும்பிப் பாத்திருப்பானா?" அவள் எழுந்து அக்காவின் தோளைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். "அடுப்பில சோத்த வெச்சிட்டு வந்தீக்கிறாய். கடைக்காரன் சுணக்கிட்டான். சோறு அடிப்பிடிக்கப் போகுது. முழங்கால் நோகுது. இவ்வளவும்தான் மனசில. வேற ஒண்டும் வாணாம்."

மரக்கறிப் பையொன்றில் அம்மிக்குழவியைப் போட்டு, மேலே கீரையைப் பரப்பி, அக்காவின் இடது கையில் கொடுத்தாள். அக்காவின் உடல் இடப்பக்கம் சாய்ந்தது.

"இப்ப நட."

நடந்தாள். சரியில்லை. திரும்ப நடந்தாள். கழுத்து நிமிர்ந்துவிட்டது, ரஹீமா பிடரியில் ஒரு தட்டுத் தட்டினாள். ரஹீமா முன்னால் நடந்து காட்டினாள், அக்கா பின்னால் போனாள். கட்டிலிலிருந்து அலுமாரிக்கு, அலுமாரியிலிருந்து கட்டிலுக்கு.

ஒரு திருப்பத்தில், திடீரென்று, அந்த அறையில் என் அக்காவைக் காணவில்லை. முழங்கால் நோவும் சமையல் அவசரமுமாக யாரோ ஒரு பெண் அலுமாரியடியில் நின்றாள்.

"காணும், இது போதும்" என்றாள் ரஹீமா மெதுவாக. பிறகு திரும்பி நின்று, தேவையில்லாமல், அலுமாரிக் கதவைத் துடைத்தாள்.

சந்தி

எனக்கு வேஷம் எளிதாக முடிந்தது. நிஸார் நானாவின் சாரம், நிஸார் நானாவின் தொப்பி. அக்காவுக்கு ஒரு பகலெல்லாம் எடுத்த வேலை எனக்குத் தொப்பி போட்டதும் முடிந்துவிட்டது. யாரும் கவனிக்காத முகம் என்பது இயற்கை சிலருக்கு மட்டும் தரும் வரம் என்று எண்ணி, வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்காக நன்றி சொன்னேன்.

ரஹீமா முன்னே, குடை பிடித்தபடி அக்கா நடுவே, பின்னால் நான். ரஹீமா உரத்த குரலில் ஏசிக்கொண்டே போனாள்.

"மாமி, கெதியா வாங்களேன்! உங்களக் கூட்டிட்டு வந்தா பொழுதும் போயிடும், சோறும் கருகிடும்!"

சந்தியில் பத்துப் பதினைந்து இளைஞர்கள். தடி, இரும்புக் கம்பி. ஒருவன் எங்கள் வீட்டு மேசை விரிப்பைத் தலையில் கட்டியிருந்தான். அவர்கள் நடுவே, தன் சலூன் வாசலில், பியதாச.

அவர் அக்காவைப் பார்த்தார். குடைக்குக் கீழே, முகத்துக்கு நேரே பார்த்தார். அந்த முகம் அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. பார்வை அவள்மீது தங்கவில்லை. ஒரு மரக்கறிப் பையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

நாங்கள் கடந்தோம். பின்னால் ஒருவன் சிங்களத்தில் கேட்டான். "யார் இவங்க?"

காலடிச் சத்தம் எங்கள் பின்னால் வந்தது. அக்கா வேகத்தைக் கூட்டவில்லை. சோறு எவ்வளவு வேகத்தில் அடிப்பிடிக்குமோ அவ்வளவு வேகம்தான்.

"நம்ம ஒழுங்கை முஸ்லிம் ஆட்கள்" என்றார் பியதாச. "விடு. இந்தா, சிகரெட் இருக்கு, எல்லாரும் வாங்க."

காலடிச் சத்தம் நின்றது.

வானின் கதவு சாத்தியதும் ரஹீமா என் சாரத்தைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். அக்கா முக்காட்டை எடுக்கவில்லை. ஓரத்தை இன்னும் பல்லில் கடித்திருந்தாள். வான் ரயில் நிலையத்தைத் தாண்டியபோது அதை விட்டுவிட்டுப் பேசினாள்.

"தம்பி, பியதாசவுக்கும் என்னைத் தெரியேல்லை."

"அதுதானே வேணும்" என்றேன்.

"ஓம். அதுதான் வேணும்" என்றாள்.

உதிரிக் கிரீடம்

இந்தப் போட்டிகளில் ஒரு சட்டம் உண்டு. வென்றவள் அடுத்த வருடம் போய், புதியவளுக்குத் தன் கையால் முடி சூட்ட வேண்டும். அதற்கு முன் மேடையின் முழு நீளத்துக்கும் தனியாக ஒருமுறை நடக்க வேண்டும். அதைக் கடைசி நடை என்பார்கள்.

அக்கா அதற்குத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வீடு போனதையோ கிரீடம் போனதையோ அவள் பேசியது கிடையாது. அகதிகளோடு யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்து, அங்கே பெரியப்பா வீட்டு விறாந்தையில் காலையும் மாலையும் நடந்தாள். தலையில் வைக்கப் புத்தகம் இல்லை. பெரியப்பாவிடம் இருந்தது பஞ்சாங்கம் மட்டும். அது மெல்லியது; இரண்டு எட்டுக்குள் விழுந்தது.

"கழுத்து வருகுது, தம்பி. கால் வரேல்லை. காலை வைக்கேக்கை சோறுதான் ஞாபகம் வருகுது."

"எந்தச் சோறு?"

"ரஹீமாவின்ர சோறு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். பத்து நாளில் சரியாகிவிடும் என்று விஞ்ஞான விளக்கம் ஒன்றும் கொடுத்தேன்.

போனாள். கிரீடம் இல்லாத ராணிக்கு அங்கே இன்னொன்று வைத்திருந்தார்கள். வாகனங்களுக்குப் போலக் கிரீடங்களுக்கும் உதிரி உண்டு என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த நிகழ்ச்சியின் வீடியோக் கொப்பி பல கை மாறி எங்களிடம் வந்தது. அதற்குள் எனக்குக் கண்டியிலேயே ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. வாடகை அறையில் வீடியோ டெக் ஏது? நிஸார் நானா வீட்டுக்குக் கொண்டு போனேன். ரஹீமாவும் நானும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம்.

மேடையில் ஒருவர் அக்காவிடம், உங்கள் அழகான தீவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டார். "மலைகள் இருக்கின்றன. ஒரு வாவி இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் மேலும் எதிர்பார்த்து ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அவ்வளவோடு முடித்துக்கொண்டாள்.

இசை தொடங்கியது. விளக்குகள் அணைந்து, ஒரே ஒரு வெளிச்சம் அவள்மீது. நாட்டின் பெயர் எழுதிய பட்டி தோளில். அவள் நடக்கத் தொடங்கினாள்.

முதல் சில எட்டுக்கள் சரியாகத்தான் இருந்தன. பிறகு இடது தோள் இறங்கியது. கண்கள் நிலத்துக்குப் போயின. வெறுங்கையை இல்லாத பையொன்றின் கனம் இழுத்தது. நீண்ட அந்த மேடையை, எங்கேயோ ஒரு சோறு அடிப்பிடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டியவள்போல அவள் கடந்தாள்.

ரஹீமா எழுந்து போய் நாடாவை நிறுத்தினாள். படம் அப்படியே உறைந்து நடுங்கியது.

"அல்லாவே" என்றாள். "தம்பி, அது நான். அங்க நடக்கிறது நான்."

ரஹீமாவின் நடையை உலகம் பார்த்தது அன்றுதான். பார்த்துவிட்டு, சென்ற ஆண்டின் அழகி களைத்திருந்தார் என்று ஒரு பத்திரிகை எழுதியது.

அக்கா நாட்டுக்குத் திரும்பவில்லை. இங்கே போர் பெரிதாகிக்கொண்டிருந்தது. எப்படியோ கனடா போய்ச் சேர்ந்தாள். அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் படத்தைப் பார்த்து வந்தார்கள். அவள் நடந்து வந்து தேநீர் கொடுத்ததைப் பார்த்துக் குழம்பினார்கள். அப்படியும் ஒருவர் குழம்பாமல் கட்டிக்கொண்டார். துணிக்கடையொன்றில் வேலை செய்தாள். பொம்மைகளுக்கு உடுப்பு மாட்டும் வேலை. "நிக்கிற வேலைதான். நல்லது" என்று சொன்னாள்.

என் பின்னந்தலை

பியதாசவின் சலூனுக்கு நான் சில காலம் போகவில்லை. அந்தச் சிகரெட்டை என்னால் மறக்க முடியவில்லை. எங்கள் மேசை விரிப்பைக் கட்டியவனுக்கு உபசாரம் செய்த கை என் கழுத்தில் கத்தி வைப்பதா?

ஒரு மழை நாளில் வேறு வழியில்லாமல் ஒதுங்கினேன். அக்காவின் படம் அதே இடத்தில் இருந்தது. பியதாச துணியைப் போர்த்தி, என் பிடரியில் விரலை வைத்தார்.

"இந்தச் சுழி இருக்கே மாத்தயா, இதாலதான் அண்டைக்குத் தெரிஞ்சது." மாத்தயா என்றால் ஐயா.

"எண்டைக்கு?"

"தொப்பி போட்டுட்டுப் போனீங்களே, அண்டைக்கு. அக்கா எண்டு எனக்குத் தெரியல்ல. சத்தியமா. யாரோ கெழவி எண்டுதான் நெனச்சேன். நீங்க தாண்டிப் போனீங்க, தொப்பிக்குக் கீழ இந்தச் சுழி. எத்தன வருஷம் வெட்டுறேன்! அப்பதான் உசிரு போச்சு. அதுக்குத்தான் சிகரெட்."

கண்ணாடியில் என் வாய் திறந்திருந்தது. யாரும் கவனிக்காத முகம் என்று பெருமைப்பட்டவனை முதுகுப் பக்கத்தால் அடையாளம் கண்டிருக்கிறார்.

"அந்தப் பையன்மார் அக்காவை அடையாளம் கண்டிருந்தால்?"

பியதாச கத்திரிக்கோலை நிறுத்தினார். "அவனுகளா? லொறியில வந்த வெளியூர்க் காரனுகள். அவனுகளுக்கு அக்கா யாரெண்டே தெரியாது. எப்பிடி நடந்து போனாலும் ஒண்ணுதான். இந்தச் சந்தியில அந்த நடை தெரிஞ்ச ஆள் அண்டைக்கு நான் மட்டும்தான் மாத்தயா."

மழை விட்ட பிறகும் நான் கதிரையை விட்டு எழவில்லை.

நடையை மறைக்கும்படி எங்களை யாரும் கேட்கவில்லை. முக்காடே போதுமாக இருந்திருக்கிறது. கண்டியே தன்னை அறியும் என்று அக்கா நம்பினாள், ரஹீமா நம்பினாள், எல்லாம் தெரிந்த நானும் நம்பினேன். அந்த நம்பிக்கைக்குக் கொடுத்த விலை அந்த நடை.

இதை யாரிடம் சொல்வது? ரஹீமாவிடம் முடியாது. அக்காவிடமா? தொலைபேசியில் ஒவ்வொரு தடவையும் நாவில் வரும். தூரத்து அழைப்பின் இரைச்சல் காப்பாற்றிவிடும். இங்கே துணிந்து எழுதுவதற்குக் காரணம், அக்கா இந்தத் தொடரை வாசிப்பதில்லை. சிரிப்பு வரவில்லை என்கிறாள்.

இறங்கி வந்தவள்

சமாதானம் என்று சொல்லிக்கொண்ட அந்தச் சில வருடங்களில், தடை முகாம்களில் பையைக் கிண்டுவது குறைந்திருந்தபோது, அக்கா வந்தாள். அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். ரஹீமாவும் அதற்கு முந்தைய வருடம் மௌத்தாகிவிட்டாள். சலரோகம், அந்தச் சீனி வியாதி, காலில் தொடங்கி மேலே ஏறியது. அக்காவும் அவளும் கடைசிவரை தொலைபேசியில் சண்டை பிடித்தார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியாது. சிரிப்புச் சத்தம்தான் கேட்கும்.

நிஸார் நானா வீட்டில் பிளேன்ரீ குடித்தோம். அவர் அக்காவைப் பின்னறைக்கு அழைத்துப் போனார். அதே அலுமாரி. அக்கா அதன் கதவை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஒழுங்கையின் தலைப்பில் நின்று, தன் கைப்பையை என்னிடம் தந்தாள்.

"நீ முன்னுக்குப் போ, தம்பி. சலூனடியில நில்லு. நான் ஒருக்காத் தனிய வாறன்."

"ஏன்?"

"வந்து பாக்கிறன்."

புரிந்தது. குடையை மடித்தாள். தோளைப் பின்னால் எடுத்தாள். மோவாயை உயர்த்தினாள். நரைத்த, சற்றுப் பருத்த ஒரு பெண், படிகளின் உச்சியில் நின்று, எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று நினைக்க முயன்றுகொண்டிருந்தாள்.

நான் இறங்கினேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். அந்த நடை தேவையே இருக்கவில்லை அக்கா, அதை மறந்துவிடு, பழையதைத் திரும்ப எடுத்துக்கொள் என்று. சொல்ல வேண்டிய ஒழுங்கில் வசனங்களைக்கூட அடுக்கிக்கொண்டேன்.

பியதாச வாசலில் வாங்கில் உட்கார்ந்திருந்தார். சலூன் இப்போது மகன் பொறுப்பு. அவருடைய கண்ணில் வெண்படலம் விழுந்துவிட்டது. என் தலையிலும் இப்போது சுழி இல்லை. சுழிவதற்கு ஒன்றும் இல்லை. குரலை வைத்துத்தான் என்னை அறிந்தார். உள்ளே கண்ணாடிக்கு மேலே அக்காவின் படம் பழுப்பேறி, முகம் மட்டும் மிஞ்சியிருந்தது.

அக்கா இறங்கத் தொடங்கினாள்.

முதல் படிகளில் பழைய நடைதான். வந்துவிட்டது என்று நினைத்தேன். ரஹீமா வீட்டுக் கதவடியில் கால் லேசாகத் தடுமாறியது. இடது தோள் இறங்கியது. கண்கள் படிகளுக்குப் போயின. அங்கிருந்து கீழே, இடப்பக்கம் சாய்ந்தபடி, முழங்கால் நோவோடு, அடுப்பு நினைவோடு, விறுவிறு என்று வந்தாள்.

பியதாச கண்களைச் சுருக்கி மேலே பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஆ, ரஹீமா நோனா வாறாங்க."

பிறகு அவருக்கே நினைவு வந்தது. கை வாங்கின் விளிம்பைத் தடவிப் பிடித்துக்கொண்டது. "இல்லையே" என்றார் மெல்ல. "ரஹீமா நோனா போய்ட்டாங்களே, மாத்தயா."

அக்கா அதற்குள் பக்கத்தில் வந்துவிட்டாள். மூச்சு வாங்கியது.

"என்னவாம்?"

அடுக்கி வைத்திருந்த வசனங்களை விட்டுவிட்டு, பியதாச சொன்னதை மட்டும் சொன்னேன்.

"ரஹீமா வாறாள் எண்டு சொன்னார்."

அக்கா பியதாசவின் வெண்படலம் விழுந்த கண்களைப் பார்த்தாள். உள்ளே மாட்டியிருந்த படத்தைப் பார்க்கவில்லை. ஒழுங்கையின் மேலே, அந்த மூடிய கதவைத் திரும்பி ஒருமுறை பார்த்தாள்.

"ஓம்" என்றாள். "அவள்தான்."

என் கையிலிருந்த பையை வாங்கினாள். வாங்கி, இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.